இரண்டாம் கூறு: கம்பைலர் சூட்டும் பெயர்கள் பற்றி ஒரு வாசிப்பு

1

எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-க்னூ. இது ஒரு பெயர். கணிப்பொறி வேலையில் இருக்கும் நண்பரொருவர் பழைய நிரல் ஒன்றைத் தன் இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது திரையில் ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே இது வந்து போயிற்று. எனக்கு அச்சுப்பிழை மாதிரி இருந்தது. என்ன இது என்று கேட்டேன். 'இந்த மெஷினோட பேரு' என்றார். யார் வைத்த பெயர் என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'யாரும் வெக்கல, அதுவா கண்டுபிடிச்சு வெச்சுக்குது' என்றார். தமிழ் இலக்கணம் படித்து வந்தவனுக்கு இந்தப் பதில் போதவில்லை. பெயர் எதுவும் அதுவாக அமைவதில்லை. இடுகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இட அவருக்கு உரிமை இருந்தாக வேண்டும்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர் எழுதும் நிரலை ப்ராசசருக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ஒவ்வொரு ப்ராசசர் குடும்பத்துக்கும் தனிக் கட்டளைத் தொகுதி உண்டு; ஒன்றினுடையது மற்றதற்கு விளங்காது. எந்தக் குடும்பத்துக்காக மாற்றுகிறோம் என்பது கம்பைலருக்கு முதலிலேயே தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெயர். முதல் கூறு ப்ராசசர். இரண்டாம் கூறு இயந்திரத்தைச் செய்த நிறுவனம். மூன்றாவது இயங்குதளம். மூன்று கூறு என்பதால் 'ட்ரிபிள்' என்கிறார்கள். மேலே உள்ளதில் நான்கு இருக்கிறதே என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் கேட்கலாம். லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டி வந்ததால் மூன்றாம் கூறு இரண்டாகப் பிளந்தது. நான்கான பிறகும் அது 'ட்ரிபிள்'தான். பெயர்களைக் குறிக்கும் பெயரே தன் பொருளோடு ஒட்டவில்லை.

இந்தப் பெயரை உண்டாக்குபவை இரண்டு கோப்புகள். க்னூ திட்டத்தைச் சேர்ந்தவை. ஆயிரக்கணக்கான நிரல்களின் பொதிகளோடு நகலெடுத்து அனுப்பப்படுபவை. ஒன்று 'கான்ஃபிக்.கெஸ்'. பெர் போத்னர் முதலில் எழுதியது. இயந்திரத்திடம் நீ யார் என்று கேட்டு, அது சொல்வதையும் சொல்லாததையும் வைத்துப் பெயரை ஊகிக்கிறது. 'கெஸ்' என்றாலே ஊகம்தான். துல்லியத்தின் கோட்டை என்று நாம் ஒதுங்கி நிற்கும் துறையின் வாசலில் ஊகம் என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. மற்றது 'கான்ஃபிக்.சப்'. ஒரே இயந்திரத்துக்குப் புழக்கத்தில் உள்ள பல பெயர்களை ஏற்புடைய ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது இதன் வேலை. 'சன்4' என்று கொடுத்தால் 'ஸ்பார்க்-சன்-சன்ஓஎஸ்4.1.1' என்று திருத்திக் கொடுக்கும். ஏட்டுப் பிரதிகளின் பாட வேறுபாடுகளை ஒப்புநோக்கி மூலபாடம் நிறுவுகிற பதிப்பாசிரியர் வேலைதான் இது, அடிக்குறிப்பில் பாடபேதம் தராத பதிப்பாசிரியர்.

இந்த இரண்டாம் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. நிரலுக்காக இல்லாமல் நிரலைப் படிப்பவருக்காக எழுதப்பட்ட குறிப்பு. இன்டெல் வகை இயந்திரம் ஒன்றுக்கு நிறுவனப் பெயர் கொடுக்கப்படாவிட்டால் இரண்டாம் கூறில் 'அன்நோன்', அதாவது அறியப்படாதது, என்று போடாமல் 'பிசி' என்று போடுகிறோம் என்று சொல்லி அதற்கு இரண்டு காரணம் தருகிறது. ஒன்று, அவை பெரும்பாலும் பிசிக்கள்தாம். இரண்டாவது, 'அன்நோன்' என்ற சொல் புதிதாக வருகிறவர்களைக் குழப்பிவிடுகிறது.

என் நண்பர் பல வருஷமாகக் கடந்து போகும் கோப்பு இது. இந்தக் குறிப்பை அவர் படித்ததேயில்லை. எனக்கோ மற்ற ஆயிரத்துச் சொச்சம் வரிகளையும் விட இதுதான் பிரதியின் மையமாகப் பட்டது. தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரியாது என்று சொன்னால் வந்தவர் மிரள்வார். ஆகவே பெரும்பான்மை எதுவோ அதன் பெயரைச் சொல்லிவைப்போம். ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பிரதியை நான் வேறெங்கும் சந்திக்கவில்லை.

2

'பெயரிடுதல்' என்றாலே நம் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அதிகாரம், கண்காணிப்பு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு எழுந்துவிடுவது வழக்கம். நானும் செய்திருக்கிறேன். இங்கே அது உதவாது. நன்னூல் கொஞ்சம் உதவும்.

சசூரைப் படித்தவுடன் எல்லாக் குறியும் இடுகுறிதான் என்று ஒரே போடாகப் போட்டவர்கள் நாம். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற பழைய பிரிவினை அப்போது பள்ளிக்கூடப் பாடமாகத் தோன்றியது. ஆனால் அந்தப் பிரிவினையில் ஒரு நகர்வுக்கு இடம் இருக்கிறது. முள் உடைய எதையும் காரணத்தால் 'முள்ளி' எனலாம். ஆனால் வழக்கில் அது ஒரே ஒரு செடியின் பெயராகிக் காரணம் பின்னுக்குப் போய்விட்டது. இதைக் காரண இடுகுறி என்றார்கள். குறி எப்போதும் இடுகுறியாகவே இருக்கிறது என்பது ஒரு கோட்பாடு. எப்போது இடுகுறி ஆயிற்று, யார் ஆக்கினார்கள் என்று கேட்பது சரித்திரம்.

'ஐ386' என்பதை எடுத்துக்கொள்வோம். 1985இல் இன்டெல் வெளியிட்ட 80386 என்ற சில்லின் பெயர். 'ஐ' இன்டெல்லைக் குறிக்கும். சுத்தமான காரணப்பெயர், சிறப்புப்பெயர். இதே கட்டளைத் தொகுதியில் ஏஎம்டி நிறுவனமும் சில்லு செய்து 386 என்ற எண்ணோடு விற்க முனைந்தபோது இன்டெல் வழக்குப் போட்டது. 386 என்பது பொதுப்பெயராகிவிட்டது, ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்று 1991இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறப்புப்பெயர் எப்போது பொதுப்பெயர் ஆகிறது என்ற நன்னூல் விவகாரத்தை ஒரு நீதிபதி தீர்த்துவைத்திருக்கிறார்! எண்களை நம்பி இனிப் பிழைக்க முடியாது என்று தெரிந்துகொண்ட இன்டெல், அடுத்த தலைமுறைக்கு 586 என்று வைக்காமல் 'பென்டியம்' என்று 1993இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிரேக்கத்தில் ஐந்து, பின்னால் லத்தீன் வால். காரணத்தைச் சற்றே மறைத்துவைத்த காரணப்பெயர்.

கம்பைலர் இந்தப் பெயர் மாற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் சுவாரசியம். அது பாட்டுக்கு ஐ486க்கு அடுத்தது ஐ586, அதற்கு அடுத்தது ஐ686 என்று எண்ணிக்கொண்டே போயிற்று. அந்தப் பெயர்களில் இன்டெல் எந்தச் சில்லையும் விற்கவில்லை. உரிமையாளரே கைவிட்ட பெயர்வரிசையைக் கம்பைலர்காரர்கள் எடுத்துப் பிழைக்கவைத்தார்கள். அந்தப் பெயரின் முன்னால் உள்ள 'ஐ' இப்போது இன்டெல்லைக் குறிக்கிறதா? ஏஎம்டி செய்த சில்லிலும் அது ஐ686தான். ஒரு எழுத்து பொருளை இழந்து சாரியை மாதிரி நிற்கிறது.

இதன் உச்சம் டெபியனில். லினக்ஸ் வினியோகங்களில் பழையதும் மதிப்புள்ளதுமான ஒன்று. அதன் 32 பிட் பதிப்புக்குப் பெயர் இன்றும் 'ஐ386'. ஆனால் 2017 வெளியீட்டிலிருந்து அது ஐ686 வகைக்குக் கீழே உள்ள ப்ராசசர்களில் ஓடாது. லினக்ஸ் உட்கருவே, 1991இல் ஒரு 386 இயந்திரத்தில் பிறந்த அந்த உட்கருவே, 2013இல் 386க்கான ஆதரவை நீக்கிவிட்டது. ஆக ஐ386 என்ற பெயருடையது 386இல் ஓடாது. சரிதான், பழக்கதோஷம் என்று சொல்லிவிடலாம். ஆனால் டெபியன்காரர்கள் பல ப்ராசசர்களுக்கான நூலகங்களை ஒரே இயந்திரத்தில் அருகருகே வைக்கும் ஏற்பாட்டைச் செய்தபோது, கோப்புறைப் பெயராக ஐ386-லினக்ஸ்-க்னூ என்பதைத் தெரிந்தேதான் தேர்ந்தார்கள். குறைந்தபட்சத் தேவை ஐ486, ஐ586 என்று காலத்துக்குக் காலம் ஏறிக்கொண்டே போகும்; அதோடு சேர்ந்து பெயரும் மாறினால் எல்லாம் உடையும். எனவே எதையும் வர்ணிக்காத பெயராகப் பார்த்து ஒன்றை நிலைநிறுத்தினார்கள். காரணம் இல்லாமையே இங்கே காரணம்.

3

64 பிட்டுக்கு வரும்போது வேறு நாடகம். இன்டெல்லின் வழியை நீட்டி 64 பிட் ஆக்கியது இன்டெல் அல்ல, ஏஎம்டி. 1999இல் அறிவித்தபோது அதன் பெயர் எக்ஸ்86-64. 2003இல் சில்லு வெளிவந்தபோது ஏஎம்டி64. அடுத்த ஆண்டே இன்டெல் அதே கட்டளைகளை ஏற்றுக்கொண்டது. போட்டியாளன் பெயரை எப்படிச் சொல்வது? ஐஏ-32இ என்றார்கள், இஎம்64டி என்றார்கள், கடைசியில் இன்டெல்64 என்றார்கள். கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று 'அவுக' என்று சுற்றி வளைத்துப் பேசிய நம் பாட்டிமார்களின் சங்கடம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பொதுமக்களிடம் எக்ஸ்64 என்றது. ஆனால் இன்டெல் சில்லு உள்ள விண்டோஸ் இயந்திரத்தில் ப்ராசசர் வகை என்னவென்று உள்ளே கேட்டுப் பாருங்கள், 'ஏஎம்டி64' என்று பதில் வரும். கருத்தாவாகுபெயர். வள்ளுவரைப் படித்தேன் என்றால் குறளைப் படித்தேன் என்று பொருள்படுவது மாதிரி, செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆகி, அதே பொருளைப் போட்டியாளன் செய்தாலும் முதல்வன் பெயரே ஒட்டிக்கொண்டது.

எக்ஸ்86-64 என்பதன் நடுவிலுள்ள சிறுகோடு கம்பைலர் பெயரில் ஏன் அடிக்கோடாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். சிறுகோடுதான் ட்ரிபிளில் கூறுகளைப் பிரிப்பது. பெயருக்குள்ளேயே சிறுகோடு இருந்தால் எக்ஸ்86 ஒரு கூறாகவும் 64 ஒரு நிறுவனமாகவும் வாசிக்கப்பட்டுவிடும். எனவே எக்ஸ்86_64. டெபியன் பொதிகளின் கோப்புப் பெயரிலோ அடிக்கோடுதான் பிரிப்பான். அங்கே இந்த வடிவம் நுழைய முடியாது. ஏஎம்டி64 சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. சந்தி விதி பெயரை முடிவுசெய்கிறது. கொள்கை, விசுவாசம் என்று நாம் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் சில சமயம் ஒரு நிறுத்தற்குறி இருக்கிறது. விமர்சகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஆர்ம் 64 பிட் விஷயத்திலும் இதே இரட்டைப் பெயர். ஆர்ம் நிறுவனம் 2011இல் அறிவித்தபோது வைத்தது ஏஆர்ச்64. லினக்ஸ் உட்கருவின் மூலத்தில் கோப்புறைப் பெயர் ஆர்ம்64. அதே உட்கரு தன்னைப் பற்றிக் கேட்டால் ஏஆர்ச்64 என்கிறது. எல்எல்விஎம் கம்பைலரில் ஏஆர்ச்64 என்ற பெயரில் ஒரு பின்பகுதி இருந்தபோதே ஆப்பிள் 2014இல் ஆர்ம்64 என்ற பெயரில் தன்னுடையதைக் கொடுத்தது. ஒரே ப்ராசசருக்கு ஒரே கம்பைலருக்குள் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் சில காலம் அருகருகே இருந்தார்கள். பிறகு இணைத்தார்கள். எஞ்சிய சரக்கு பெரும்பாலும் ஆப்பிளுடையது, எஞ்சிய பெயர் ஏஆர்ச்64.

4

நான்காம் கூறான 'க்னூ' பற்றி நடந்த சண்டை பலருக்கு வெறும் கௌரவப் பிரச்சனையாகத் தெரிந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது உட்கரு. அதைச் சுற்றியுள்ள கம்பைலர், நூலகம், ஓடு எல்லாம் பெருமளவு க்னூ திட்டத்திலிருந்து வந்தவை. ஆனால் ஊர் உலகம் முழுவதற்கும் லினக்ஸ் என்றே பெயர் சொல்லிற்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1996இல் ஈமாக்ஸ் 19.31 வெளியிட்டபோது, இயங்குதளக் கூறில் 'லினக்ஸ்' இருந்த இடத்தில் 'லிக்னக்ஸ்' என்று மாற்றிவிட்டார். லினக்ஸின் வயிற்றுக்குள் க்னூவை நுழைத்த ஒட்டுச்சொல். எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த வெளியீட்டிலேயே அது 'லினக்ஸ்-க்னூ' ஆயிற்று. மேடையிலும் கட்டுரையிலும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பெயர் யாரும் படிக்காத ஒரு கோப்பில் ஜெயித்தது. க்னூ என்ற சொல்லை வாயால் உச்சரிக்காதவர்களின் இயந்திரங்களும் ஒவ்வொரு முறை நிரல் ஏற்றும்போதும் அதை உச்சரித்துக்கொண்டிருக்கின்றன.

பிற்பாடு ஒன்று நடந்தது. க்னூவின் நூலகத்துக்கு மாற்றாக 'மஸல்' 2011இல் வந்தது. ஆல்பைன் லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டுக்குத் தனி நூலகம். இவற்றின் பெயர்கள் லினக்ஸ்-மஸல், லினக்ஸ்-ஆண்ட்ராய்டு என்று முடிகின்றன. நன்றிக்கடனாக, ஒட்டாகச் சேர்க்கப்பட்ட 'க்னூ' இப்போது உண்மையான வேறுபாட்டைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது: க்னூ நூலகத்தை நம்பிச் செய்த நிரல் மஸல் இயந்திரத்தில் அப்படியே ஓடாது. பெயர் முதலில் வந்தது. பொருள் பதினைந்து வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. காரணப்பெயர் இடுகுறியாவதைத்தான் இதுவரை பார்த்தோம். இது தலைகீழ்.

32 பிட் ஆர்ம் இயந்திரங்களில் இந்தக் கடைசிக் கூறு 'க்னூஇஏபிஐ' என்றும் 'க்னூஇஏபிஐஹெச்எஃப்' என்றும் இருவிதமாக வரும். இயந்திரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். பின்ன எண்களை ஒரு செயல்கூறு இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது எந்தப் பதிவகத்தில் வைத்துக் கொடுப்பது என்ற ஒப்பந்தம்தான் வேறு. அந்த ஒப்பந்தம் மாறினால் இரண்டு தரப்பு நிரல்களும் ஒன்றோடொன்று பேச முடியாது. பெயர் இயந்திரத்தைக் குறிப்பதாக நினைத்துக்கொண்டு வந்தோம். அது குறிப்பது ஓர் உடன்படிக்கையை.

5

ஒரே குடும்பத்துக்குள் கிளைகள் உண்டு. இந்தச் சில்லுக்கு இன்னின்ன கூடுதல் கட்டளை தெரியும் என்று கம்பைலருக்குச் சொன்னால் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். க்னூ கம்பைலரில் இதற்கு 'மார்ச்' என்றொரு தெரிவு: ஆர்க்கிடெக்சரின் சுருக்கம், நடை போடும் மார்ச் அல்ல. அதற்குக் கொடுக்கக்கூடிய பெயர்களின் பட்டியலை ஒருநாள் கவிதை மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்வெல், ஸ்கைலேக், போனல், நொகோனா... இன்டெல் தயாரிப்பின்போது சூட்டும் உட்பெயர்கள். பெரும்பாலும் ஊர், ஏரி, மலைப் பெயர்கள்.

நொகோனாவில் நின்றுவிட்டேன். டெக்சாஸில் உள்ள சிற்றூர் அது. ஊருக்கு அந்தப் பெயர் கோமாஞ்சி மக்களின் தலைவரான பேட்டா நொகோனாவிடமிருந்து வந்தது. அவருடைய மக்களைத் துரத்திவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அது 2004இல் ஒரு ஜியான் ப்ராசசரின் பெயராக வந்தது. இப்போது கம்பைலரில் நொகோனா என்றால் 64 பிட் நீட்சியும் எஸ்எஸ்இ3 கட்டளைகளும் என்று பொருள். இதற்கு எந்தக் கம்பைலர்காரரும் பொறுப்பல்ல. யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் ஆள், ஊர், சில்லு, கட்டளை என்று பெயர் கைமாறிய ஒவ்வொரு படியிலும் முந்தையது துடைக்கப்பட்டுவிட்டது. இதே தெரிவுக்கு 'நேட்டிவ்' என்றும் கொடுக்கலாம். நீ ஓடிக்கொண்டிருக்கும் இந்த இயந்திரத்தையே பார்த்து முடிவுசெய் என்று அர்த்தம். மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்று கம்பெனிப் படைக்குப் பெயர் இருந்த ஊரிலிருந்து படிக்கிறவனுக்கு இந்த இரண்டு சொற்களும் ஒரே பட்டியலில் இருப்பது உறுத்தத்தான் செய்யும்.

இந்தப் பெயர்கள் எல்லாம் பகாப்பதங்கள். ஹாஸ்வெல் என்ற சொல்லைப் பிரித்தால் அந்தச் சில்லுக்கு எது தெரியும் என்பது கிடைக்காது. அகராதியைத்தான் பார்க்க வேண்டும். நேர் எதிர்முனையில் ரிஸ்க்-ஃபைவ். 2010இல் பெர்க்லியில் தொடங்கப்பட்ட, யாரும் உரிமத் தொகை கட்டாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய கட்டளைத் தொகுதி. இதன் பெயர்கள் பகுபதங்கள். ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி என்றால், ஆர்வி குடும்பம், 64 அகலம், ஐ முழு எண் அடிப்படை, எம் பெருக்கல் வகுத்தல், ஏ பகுபடாச் செயல்கள், எஃப், டி பின்ன எண்கள், சி சுருக்கக் கட்டளைகள். எழுத்துகள் வர வேண்டிய ஒழுங்கும் விதிக்கப்பட்டிருக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று மனப்பாடம் செய்தவனுக்கு இதைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. பெயரே வர்ணனை, ஒளிவுமறைவு இல்லை, எந்தச் சந்தைக்காரனின் செல்லப்பெயரும் இல்லை.

இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2019 தேதியிட்ட விவரக்குறிப்பில், அதுவரை 'ஐ' என்ற எழுத்துக்குள் அடங்கியிருந்த சில கட்டளைகளைப் பிரித்து 'ஜிசிஎஸ்ஆர்', 'ஜிஃபென்ஸ்ஐ' என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். 2022இல் க்னூ கருவிகள் அந்த விவரக்குறிப்பை இயல்பாக எடுத்துக்கொண்டபோது, நேற்றுவரை சரியாக ஏறிய நிரல்கள் இன்று ஏறவில்லை. நிரல் மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை, கொடுத்த பெயரும் மாறவில்லை. பெயரின் ஓர் உறுப்பு பொருள் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். போதாததற்கு விரிவாக்கங்கள் பெருகிப் பெருகிப் பெயர் ஒரு முழ நீளம் ஆனது. யாரால் எழுத முடியும்? ஆகவே ஆர்விஏ22, ஆர்விஏ23 என்று கட்டுகளாகக் கட்டி அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பகுபதம் முதிர்ந்து மறுபடி பகாப்பதம். எக்ஸ்86 பக்கத்திலும் 2020இல் எக்ஸ்86-64-வி2, வி3, வி4 என்று படிநிலைகள் வகுத்துக்கொண்டார்கள். மூடிய முனையும் திறந்த முனையும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

6

இனி இரண்டாம் கூறு, நிறுவனத்தின் பெயர். கான்ஃபிக்.சப்பின் வரிகளில் டெக் இருக்கிறது. 1998இல் காம்பேக் விழுங்கிய நிறுவனம். சன் இருக்கிறது, 2010இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. நடுகற்கள் மாதிரி நிற்கின்றன. தகுதி பார்த்தா வைத்தார்கள்? அந்தச் சமயத்தில் இயந்திரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள், பெயர் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் இயந்திரம் இன்னொன்றின் இயங்குதளத்தை ஏற்காத காலத்தில் இந்தக் கூறுக்கு வேலை இருந்தது. யார் வீட்டில் வேண்டுமானாலும் பெட்டியைப் பூட்டிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு அதற்கு வேலை இல்லை. அங்கேதான் 'அன்நோன்' வந்து உட்கார்ந்தது.

ரஸ்ட் என்ற மொழியின் கம்பைலரில் ஒரு விசித்திரம். ஒரே பெட்டியில் விண்டோஸ் இருந்தால் அதன் பெயர் எக்ஸ்86_64-பிசி-விண்டோஸ்-எம்எஸ்விசி. லினக்ஸ் போட்டால் எக்ஸ்86_64-அன்நோன்-லினக்ஸ்-க்னூ. இயங்குதளத்தை மாற்றியதும் அதைச் செய்தவர் யார் என்பது மறந்துபோகிறது! வெப்அசெம்பிளிக்கு அது தரும் ஒரு பெயர் வாஸ்ம்32-அன்நோன்-அன்நோன். செய்தவரும் தெரியாது, தளமும் தெரியாது. இன்னொரு பக்கம் ஆர்ம்-நன்-இஏபிஐ. இங்கே 'நன்' என்றால் இல்லை. இயங்குதளம் இல்லாத வெறும் சில்லுக்கான பெயர். அறியாமை வேறு, இன்மை வேறு என்பதை இந்தப் பெயர்கள் காப்பாற்றிவைத்திருக்கின்றன. ஆனால் அந்த 'நன்' இரண்டாம் கூறா மூன்றாம் கூறா என்று கேட்டால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி சொல்லும்.

இந்தச் சங்கதிகளை நான் ரசித்து எழுதுவதாகத் தோன்றலாம். ரசிக்க முடியாத பக்கம் ஒன்றும் உண்டு. தெரியாத பெயரை முதல் கூறில் கொடுத்தால் கான்ஃபிக்.சப் அந்த இயந்திரம் அங்கீகரிக்கப்படவில்லை என்று அறிவித்து நின்றுவிடும். நிரல் ஏறாது. முன்பே சொன்னேன், இந்தக் கோப்பு ஒவ்வொரு பொதிக்குள்ளும் நகலாக இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் வெளியான பொதிக்குள் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய பட்டியல். 2013, 2014 வாக்கில் ஆர்ம் 64 பிட்டையும் புதிய பவர் வகையையும் டெபியனுக்குள் கொண்டுவந்தவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு இதுதான். சில்லு தயார், கம்பைலர் தயார், உட்கரு தயார். ஆனால் ஒவ்வொரு பொதியாகத் திறந்து பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புதிய பெயர் உள்ள பட்டியலை வைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான நிரல்களில் வேறு ஒரு வரிகூட மாற்றத் தேவைப்படவில்லை. ஓடத் தெரிந்த நிரல், ஓட்டத் தெரிந்த இயந்திரம், நடுவில் பெயர் தெரியாத கோப்பு.

இங்கே 'சக்தி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் ரிஸ்க்-ஃபைவ் தொகுதியை வைத்து வடிவமைக்கப்பட்ட ப்ராசசர் குடும்பம். அதற்கு நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கம்பைலரின் பெயர் ரிஸ்க்ஃபைவ்64-அன்நோன்-எல்ஃப்-ஜிசிசி. நண்பர் இதைக் காட்டியபோது எனக்குள் இருந்த பழைய வாசகன் துள்ளி எழுந்தான். நம் ஊரில் செய்த சில்லு, செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியப்படாதது'! கட்டுரை அங்கேயே தயாராகிவிட்டது. மையம், விளிம்பு, அழித்தெழுதுதல் என்று தலைப்புகூட மனசில் ஓடியது.

அது தப்பான வாசிப்பு. சக்தியில் மட்டுமல்ல, அமெரிக்காவில் செய்தாலும் சீனாவில் செய்தாலும் வெறும் ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்குப் பொதுவான அந்தக் கம்பைலரின் பெயர் அதுதான். யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யார் பெயரும் இல்லை. சரி, பெயர் போடத்தான் வேண்டும் என்றால் யார் பெயரைப் போடுவது? சக்தி வரிசையில் 2018இல் வந்த ரைஸ்கிரீக் என்ற சில்லின் கட்டளைத் தொகுதி பெர்க்லியில் பிறந்தது. வடிவமைப்பு சென்னையில். சிலிக்கானில் வார்த்தது இன்டெல், ஓரிகான் ஆலையில், 22 நானோமீட்டரில். அதே ஆண்டு வந்த இன்னொன்று, ரிமோ, சண்டிகர் அருகே 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. 'செய்தவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இங்கே யாரைக் காட்ட முடியும்? 'பிசி' என்று மழுப்பிய அந்தக் குறிப்பை விட, புதிதாக வருகிறவர்களைக் குழப்பினாலும் குழப்பட்டும் என்று நிற்கிற 'அன்நோன்' எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கான்ஃபிக்.சப்பிடம் ரிஸ்க்ஃபைவ்64-சக்தி-எல்ஃப் என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நண்பர் சிரித்துக்கொண்டே தட்டினார். ஒரு மறுப்பும் இல்லை, அப்படியே திருப்பிச் சொல்லிற்று. இரண்டாம் கூறில் எதை வேண்டுமானாலும் எழுதலாமாம். உங்க பேரை வேணா போடுங்க, என்றார். என் பெயரையும் போட்டார், அதையும் ஏற்றுக்கொண்டது. எழுதுகிறவன் இஷ்டத்துக்கு விடப்பட்ட இடத்தில் எழுதியதால் எதுவும் மாறுவதில்லை. மாறுகிற இடம் முதல் கூறு. அங்கே சக்தி என்று போடச் சொன்னேன். சக்தி-அன்நோன்-எல்ஃப்.

இயந்திரம் அங்கீகரிக்கப்படவில்லை என்று வந்தது.